மெஷினுக்கு மட்டும் சொன்ன ரகசியம்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் ராமசுப்பு, மனிதர்களை நம்பி அலுத்துப்போய், போனில் பேசும் மெஷின் ஒன்றை வாங்கி மாட்டினார். போன் போட்டு ரகசிய நம்பரை அழுத்தினால், எந்த லாரி என்றைக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று அது சொல்லும். அப்படியும் அவர் லாரி போகும் ஊரிலெல்லாம் போட்டிக்காரன் சரக்கு முந்தி இறங்கியது.

"நீருதான் வே தகவல் சொல்லுதீரு!" என்று மானேஜர் சாமுவேல்ராஜ் மீது பாய்ந்தார்.

"அந்த நம்பர நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணாச்சி?"

"பொண்டாட்டிகிட்டயே சொல்லல!"

சாமுவேல்ராஜ் தயங்கித் தயங்கி வாசலைக் காட்டினார்.

"அங்கன பாருங்க. காரு, புல்லட்டு, ரெண்டு லாரி, எல்லாத்துலயும் ஜோசியர் குடுத்த ஒரே ராசி நம்பரு. மெஷினுக்கும் அதத்தான வச்சிருப்பிய? பாக்குதவன் எவனும் அழுத்திருவானே!"

ராமசுப்பு அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற நம்பர் மாத்திருங்க அண்ணாச்சி."

"ராசியான நம்பர எப்படி வே மாத்த?"

அன்று சாயங்காலம் அவர் மாற்றியது மானேஜரைத்தான். ஏன் என்று கேட்ட கணக்குப்பிள்ளையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரகசிய நம்பர் தெரிஞ்ச ஆள ஆபீஸ்ல வச்சிருக்க முடியுமா வே?"