கணக்கில் வராத யூனிட்

சிக்கன் பொரிக்கும் மின்சார ஃப்ரையர் ஆறு கிலோவாட். ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் ஆறு யூனிட்.

அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

ஆனால் எண்ணெய் காய்ந்ததும் ஃப்ரையர் தானாக நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். கடை மாலை நான்கிலிருந்து பத்து வரை. அதில் பாதி நேரம் ஓடுவதாக வைத்தாள்.

ஒரு நாளைக்குப் பதினெட்டு யூனிட். இருபத்தாறு நாளைக்கு நானூற்று அறுபத்தெட்டு.

ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறிக்கு நூற்று முப்பது. கேஸ் அடுப்பில் சிக்கன் பொரித்த காலத்தில் அவ்வளவுதான் வந்துகொண்டிருந்தது.

மொத்தம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

இந்த மாதம் மீட்டரில் ஓடியிருந்தது எழுநூற்று ஐம்பத்திரண்டு.

மறுபடி கூட்டினாள். தப்பில்லை.

அந்த ஃப்ரையரைப் பழைய சாமான் கடையில் பிடித்து வந்தவர் அவள் கணவர் வேலுச்சாமி. கேஸை விட மலிவா என்று பார்த்துச் சொல்லும்படி காலையில் கேட்டிருந்தார். "கணக்கு உன்ற பாடு. லீவு நாளு, நான் அதைக் கழுவி உடறேன்" என்று உள்ளே போனார்.

நேற்றிரவு கடை சாத்தும்போது மீட்டரைக் குறித்து வைத்திருந்தாள். இப்போது காலை பத்து மணி. ஐந்து யூனிட் ஏறியிருந்தது.

பூட்டிக் கிடந்த கடையில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஓடியது. அது இரண்டு இழுக்கும்.

மிச்சம் மூன்று எங்கே போனது?

ஃப்ரிட்ஜை அணைத்தாள். விளக்குகளை அணைத்தாள். ஃப்ரையர் சுவிட்ச் ஏற்கெனவே அணைந்திருந்தது.

வாசலுக்கு வந்து மீட்டரைப் பார்த்தாள்.

சிவப்புப் புள்ளி மினுங்கியது. நின்றது. மறுபடி மினுங்கியது.

கடையில் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் மின்சாரம் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் திருடுகிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. மீட்டருக்குக் கீழே ஒயர்களைத் தேடினாள். சுவருக்கு வெளியே ஒன்றும் போகவில்லை.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பெட்டி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு ஒயர்களை நேராக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

ஃப்ரையர் வந்த வாரம் கரண்ட் அடிக்கடி போனது. எலக்ட்ரீசியன் வந்து அந்தப் பெட்டியைக் கழற்றினார்.

"இதுதாங்க்கா சும்மா சும்மா விழுந்துட்டு இருந்துச்சு. நேரா குடுத்துட்டேன். இனித் தொந்தரவு இருக்காது."

தொந்தரவு இல்லைதான். ஒரு மாதமாக ஒரு முறைகூடக் கரண்ட் போகவில்லை.

அவள் சிவப்புப் புள்ளியையே பார்த்தபடி நின்றாள். ஃப்ரையர் சுவிட்ச் இரண்டு ஒயரில் ஒன்றைத்தான் துண்டிக்கும்; தவறான ஒயரில் மாட்டியிருந்தால் அணைத்த பிறகும் அதில் கரண்ட் இருக்கும்.

போன வாரம் ஃப்ரையரைத் துடைத்தபோது வேலுச்சாமி கையை உதறினார். சுருக்கென்று இருக்கிறது என்றார். எண்ணெய் தெறித்திருக்கும் என்று அவள் சொன்னாள். அவரும் அப்படித்தான் நினைத்தார். அன்று தரை காய்ந்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

உள்ளே குழாய்த் தண்ணீர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

தண்ணீர் வேலை என்றால் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார்.

"ஏங்க, அதைத் தொடாதீங்க!"

கத்திக்கொண்டே மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள்.

சிவப்புப் புள்ளி அணைந்தது.

"ஏங்க."

தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.