மஞ்சள் பல்பு

கட்டிலில் இரண்டு தலையணைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. இரண்டுக்கும் புது உறை. புருஷனான தான் ஒரு மாதமாக இல்லாத வீட்டில் இரண்டாவது தலையணை யாருக்கு என்று சம்பத் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தவன், புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு அங்கேயே அக்கா வீட்டில் தங்கிவிட்டான். நகரியில் அவன் குடியிருப்பது மாடி வீடு, படியேற முடியாது. வெள்ளிக்கிழமை வருவதாக மனைவி தேவசேனாவிடம் போனில் சொல்லிவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு புதன்கிழமையே வந்துவிட்டான். பாதி ஆசை, பாதி வேவு.

அவளோடு தெருவில் போனால்கூட இரண்டடி பின்னால் நடந்து, எதிரில் வருகிறவன் கண் எங்கே போகிறது என்று கவனிக்கிற ரகம் அவன்.

அறையே மாறியிருந்தது. கட்டிலுக்கடியில் அடைந்து கிடந்த தறி நூல் மூட்டைகளைக் காணோம். சுவரில் இளநீல டிஸ்டம்பர். சன்னலில் அவளுடைய பழைய சேலையைக் கிழித்துத் தைத்த திரை. டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மூலையில் ஒரு மஞ்சள் பல்பு, அதன்மேல் கவிழ்த்த மூங்கில் கூடை.

சுவிட்சைப் போட்டான். கூடையின் ஓட்டைகள் வழியாகச் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தது. செலவு ஒன்றும் பெரிதாக இருக்காது, ஆனால் அழகாக இருந்தது. அந்த அழகுதான் அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

தலைமாட்டில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மல்லிகை மிதந்தது. பூக்காரி குரல் கேட்டாலே முதல் முழம் என் தலைக்கு என்று ஓடுகிறவள், இன்று கட்டிலுக்கு வைத்திருக்கிறாள். பீரோக் கண்ணாடியை வேறு துணி போட்டு மூடியிருந்தாள். தன் முகத்தைப் பார்க்கத் தனக்கே கூசுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மாடிப்படியில் நின்று கீழ்வீட்டுச் செல்லியம்மாவைக் கூப்பிட்டான்.

"இன்னா நைனா, வெள்ளிக்கெழமதான வர்றதா இருந்த? அது காலையிலயே திருப்பதி பஸ்ஸு ஏறிச்சே."

"யாரு கூட?"

"தனியாத்தான். இன்னா வேலன்னு கேட்டேன். வந்து சொல்றேன்னு சிரிச்சிக்கினே போச்சு."

"மேல லைட்டு மாட்னது யாரு?"

"எலக்ட்ரீஷியன் பிரவீன்தான். ரெண்டு நாளா வந்து போய்க்கினு இருந்தான். நல்ல புள்ள."

'நல்ல புள்ள' எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது. பிரவீன் கல்யாணம் ஆகாதவன், வாட்டசாட்டமானவன். தேவசேனாவுக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தாள்.

அவள் வரட்டும், முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்பது. பதில் சரியில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு புத்தூருக்கே போய்விடுவது, இந்த வீட்டுப்படி இனி மிதிப்பதில்லை. அப்படி முடிவு கட்டிவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கம்பு கதவோரம் கிடந்ததே அவனுக்கு நினைவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தேவசேனா படியேறி வந்தாள். சேலைத் தலைப்பை நெற்றி வரைக்கும் இழுத்து முக்காடு போட்டிருந்தாள். அவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா! நீ வெள்ளிக்கெழமதான..."

"வெள்ளிக்கெழமைக்கு நானு. இன்னிக்கி யாரு?"

"இன்னா பேசற நீ?"

"புது ஸ்கிரீனு, புது தலகாணி, கட்டிலுக்குப் பூவு. இதெல்லாம் யாருக்குடி?"

"உனக்குத்தான் மாமா."

"எனக்கா? கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து நூல் மூட்ட மேலதான படுக்க வெச்ச?"

அவள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால் சந்தன வாசனை வந்தது. செண்டு வேறயா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முக்காடு இன்னாத்துக்கு? யாரு பாத்துருவாங்கன்னு?"

"நீதான்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "ரெண்டு நாளு கழிச்சி வந்திருந்தா மனசத் தேத்திக்கினு நானே சொல்லியிருப்பேன்."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? சம்பத் பையைத் தோளில் மாட்டினான். "நான் போறேன். அந்த பிரவீனயே கூப்ட்டு வெச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று கதவை நோக்கி நடந்தான்.

பிரவீன் பெயர் அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, கண் மட்டும் அவன் கால்களிலேயே இருந்தது.

"மாமா, கம்பு இல்லாம நடக்கற!" வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "ஏழுமலையான் கைவிடல மாமா."

"சாமிய இதுல இழுக்காத. என் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லு."

செல்போன் டார்ச்சைத் தட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் பதறிப்போய் உள்ளங்கையால் அந்த வெளிச்சத்தைப் பொத்தினாள். பொத்திய வேகத்தில் முக்காடு தோளில் சரிந்து விழுந்தது.

"முடி மொளைக்கிற வரைக்கும் இந்த மஞ்ச லைட்டே போதும் மாமா."