மூன்றாவது வேர்

2024 ஆகஸ்ட் 14, வட இலங்கையின் மல்லாவி. பல் வைத்தியர் கஜனி, யூலிற்றா கொண்டுவந்த ஒரு பழைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் ஓரத்தில் 2008 டிசம்பர் என்று எழுதியிருந்தது.

யூலிற்றா 2009இல் போர் முடிவில் இராணுவத்திடம் கையளித்து, பிறகு திரும்பி வராத மகன் டிலக்ஸனின் கடைவாய்ப்பல் அது. தோண்டியெடுத்த எலும்புகளோடு ஒப்பிட, பல்லின் விவரத்தை எழுதி வாங்கிவரும்படி காணாமற்போனோர் அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது.

"கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வழமையா ரெண்டு வேர் அன்ரி. இவருக்கு மூண்டு. மூண்டாவது வளைஞ்சிருக்கு, கண்டுபிடிக்கிறதே கஷ்டம். எண்டாலும் மூண்டையும் நுனிமட்டும் வடிவா அடைச்சிருக்கினம்."

"ஆர் அடைச்சது?" யூலிற்றா கதிரையை விட்டு எழும்பினாள். "நரம்பை மட்டும் எடுத்துப்போட்டு, இந்தப் படத்தையும் எடுத்துத் தந்து, அடைக்கிறதுக்கு அடுத்த கிழமை வரச்சொன்னவை. அடுத்த கிழமை குண்டு விழுந்து அந்த ஆசுப்பத்திரியே இல்லை, பிள்ளை!"

படத்தைப் பறித்துப் பார்த்தாள். வேர்களுக்குள் பதினைந்து வருடமாக அவள் வெறுமையாகப் பார்த்துவந்த கறுத்த கோடுகள் இப்போது அடைப்போடு வெள்ளையாக இருந்தன.

"இதை நான் எப்பிடி எழுதுறது அன்ரி?"

"கண்ட மாதிரி எழுதுங்கோ. ஆமியிட்டைக் குடுக்கேக்கை அடைக்காத பல்லு, பிறகு ஆர் முடிச்சதெண்டு அந்த அலுவலகத்திட்டைக் கேக்கிறன். என்ரை மகனுக்குச் சாவுப் பத்திரம் தாறாங்களாம்!"

சிகிச்சை முடிந்தது என்று எழுதிக் கஜனி ஒப்பமிட்டார்.

திங்கட்கிழமை அலுவலகம் கடிதத்தை வாங்கிக்கொண்டு மரணச் சான்றிதழ்ப் படிவத்தை நீட்டியது. யூலிற்றா அதில் ஒப்பமிடவில்லை.