மார்ச் மாதத்து ரேகை

"சுடலைமணி மார்ச் மாசம் எங்க ஆபீசுக்கு நேர்லயே வந்தாரும்மா" என்றது போனில் ஒரு குரல்.

அவள் உப்பு வாரும் பலகையை வரப்பில் போட்டாள்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாளே அவள் புருஷன் சுடலைமணி போய்ச் சேர்ந்துவிட்டார். இதே உப்பளத்தில், இதே வரப்பில்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மார்ச்சில் அவர் எந்த ஆபீசுக்கும் போயிருக்க முடியாது.

பொய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. போனை வைத்துவிடலாம்.

அவள் வைக்கவில்லை.

அது அவருடைய போன். மாதாமாதம் காசு போட்டு அந்த எண்ணை அவள் அணையாமல் வைத்திருந்தாள். இத்தனை நாளில் அவரைக் கேட்டு ஒருவரும் அழைத்ததில்லை. முதல்முதலாக ஒருவன் கேட்கிறான். திருடனாக இருந்தால்தான் என்ன.

"நீங்க அவரு சம்சாரமா?"

"ஆமா. வந்தப்பம் என்ன சட்ட போட்டிருந்தாக?"



"வெள்ளச் சட்டம்மா. முப்பதாயிரம் வாங்கிட்டுப் போனாரு. இப்ப வட்டியோட நாப்பத்தெட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போன்ல போட்டு விடுங்க. இல்லேன்னா ஒங்க தெருவுல அவரு போட்டோவ ஒட்டிருவோம். கடன்காரன்னு பேரப் போட்டு."

பயந்துதான் போனாள்.

ஒருவரிடம் பத்து ரூபாய் கைமாற்று வாங்காத மனிதர். முதலாளி கூப்பிட்டுக் கொடுத்த முன்பணத்தையே வேண்டாம் என்றவர். தெருமுனையில் படத்தை ஒட்டினால் பார்க்கிறவர்கள் நம்பத்தான் செய்வார்கள். செத்தவரா எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறார்? அவர் சாவுக்கு வந்த பணம் பாங்கில் இருந்தது. கட்டிவிட்டால் பேராவது மிஞ்சும்.

நடு மதியம். பாத்திகள் எல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தன. தூரத்தில் வரப்பு கானலில் நெளிந்தது.

அந்த நெளிவில் ஒரு வெள்ளைச் சட்டை நடந்து வந்தது.

கல்யாண வீடுகளுக்கு மட்டும் அவர் எடுத்துப் போடும் சட்டை. ஏதோ ஒரு மாடிப்படி ஏறுகிறார். மேலே காற்றாடி சுற்றுகிறது. நாற்காலியை இழுத்து உட்காருகிறார். யார் முன்னாலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

"அவுகளுக்கு டீ குடுத்தீகளா?"

"குடுத்தோம்மா. அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"எழுதத் தெரியாதே. கையெழுத்துக்கு என்ன செஞ்சாக?"

"கைநாட்டுதான். வலது பெருவிரல். ரேகை அப்படியே தெளிவா விழுந்திருக்கு. கோர்ட்டுல குடுத்தா போதும்."



முப்பது வருஷம் உப்பு வாரிய கை அது. சனிக்கிழமை சம்பள நோட்டில் அவர் பெருவிரலை அழுத்தினால் வெறும் நீலப் பொட்டுதான் விழும். ஒரு கோடு இருக்காது. ரேஷன் கடை மெஷின் ஒருநாளும் அவரை ஏற்றுக்கொண்டதில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து வைப்பார். என் விரலுக்கே என்னயத் தெரியல போல, என்று சிரித்துக்கொண்டே திரும்புவார்.

மார்ச்சில் அவருக்கு ரேகை இருந்திருக்கிறது.

கல்யாணத்தன்று அவளைக் கைப்பிடித்து மணவறையைச் சுற்றிய கையில் ரேகை இருந்தது. மார்ச்சில் வந்தது அந்தக் கைதான் போல. அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெட்கமில்லாத ஆசை.

"அந்தத் தாளப் படம் பிடிச்சு அனுப்புங்க தம்பி. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பத்து நிமிடம் ஆயிற்று. பொய்க்காக ஒருத்தி வெயிலில் காத்து நின்றாள்.

படம் வந்தது.

பாத்தித் தண்ணீரில் காற்று போட்ட வரிகள் மாதிரி, வட்ட வட்டமாக, ஒன்றுகூட அழியாத ரேகை. தாளில் மை இன்னும் ஈரமாக மினுங்கியது. தாளின் ஓரத்தை ஒரு பெருவிரல் அமுக்கிப் பிடித்திருந்தது. அவசரத்தில் துடைக்க மறந்த விரல். நகம் வரை நீலம். வாலிப விரல், உப்பைத் தொட்டறியாதது.

மறுபடி போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. எடுத்துச் சொல்லிவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் போய்விடுவார். பொங்கலுக்குப் பிறகு அவரை உயிரோடு பார்த்ததாகச் சொன்னவன் இவன் ஒருவன்தான். சொல்லாமல் விட்டால் தெருமுனையில் படம். அவர் பேரைக் காப்பாற்ற வேண்டுமானால் அவரை அனுப்பித்தான் ஆகவேண்டும்.

மணி நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தாள்.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. இது ஒன் வெரலு தம்பி. மை காயல பாரு. எங்க வீட்டுக்காரருக்கு ரேகையே கிடையாது."

அங்கே காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. நிஜமாகவே ஒரு காற்றாடி இருந்திருக்கிறது.

பிறகு அதுவும் இல்லை.

வரப்பைப் பார்த்தாள். வெயில்தான் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஏட்டு படத்தைப் பார்த்தார். எண்ணைக் குறித்துக்கொண்டார். அவள் சொன்னதை எழுதி முடித்து, மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்.

அவள் பெருவிரலைத் தொட்டு அழுத்தினாள்.

ஏட்டு தாளைத் திருப்பிப் பார்த்தார். வெறும் நீலப் பொட்டு. துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

"போதும் சார்" என்றாள். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் இப்படித்தான் விழும்."