இன்னும் கொஞ்சம் ஹாப்ஸ்

நோபல் பார்க் புறநகரில் என் பக்கத்து வீட்டுக்காரர் சவரிமுத்து, தன் கராஜில் 'பேல் ஏல்' வகை பியர் காய்ச்சுவார். சனிக்கிழமைதோறும் வேலிக்கு மேலாக எனக்கு இரண்டு பாட்டில் வரும். மறுநாள் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"போன தடவையைவிட நல்லா இருக்குண்ணே. கசப்புக்கு இன்னும் கொஞ்சம் ஹாப்ஸ் போடலாம்."

"ஓம் தம்பி, போடுறன்."

ஆறு மாதம் இப்படியே போனது. அப்பாவின் ஜவுளிக்கடையில் வளர்ந்த எனக்குச் சரக்கைப் புகழச் சொல்லித்தரவா வேண்டும்? ஆனால் அவர் முகம் மலரும்போதெல்லாம் எனக்கு உள்ளே உறுத்தும்.

நேற்று அவர் ஒரு கடிதத்தைக் காட்டினார். "நாளைக்கு வேலையை விடுறன் தம்பி. கடை எடுத்து பியர் விக்கப் போறன். எல்லாம் நீங்கள் தந்த தைரியம்."

இருபது வருட வேலை.

"அண்ணே, அதைக் கொடுக்காதீங்க. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"ஏன், பியர் சரியில்லையோ?"

"தெரியாதுண்ணே. எனக்குக் குடிப்பழக்கமே இல்ல. முதல் நாள் நீங்க ஆசையா நீட்டினப்போ வேண்டாம்னு சொல்ல வாய் வரல. அத்தனையும் சிங்க்லதான் ஊத்தினேன். ஹாப்ஸ் பத்தியெல்லாம் நெட்ல படிச்சுச் சொன்னது."

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் கடிதத்தை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஈரல் பழுதெண்டு டொக்டர் மூண்டு வருஷமா என்னைக் குடிக்க விடேல்ல, தம்பி. உங்கட நாக்கை நம்பித்தான் காய்ச்சினனான். அப்ப இந்த பியரை ஆர்தான் குடிச்சுப் பார்த்தது?"