பதினோரு சீட்டுகள்

இவர் தூக்கி வந்திருக்கும் பை இவ்வளவு கனமாக இருக்க வேண்டியதில்லையே. இவருக்குப் புது ஏற்பாடு தெரியாது போலிருக்கிறது. முதலில் உட்காரச் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணப்பிரியா நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்க பாய். பெயின்டிங் கான்ட்ராக்ட்தானே? அப்துல் கையூம், பூந்தமல்லி?"

வந்தவர் நின்றுகொண்டே இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்த அந்தத் தொழிற்சாலையின் கேட்டுக்கு உள்ளே அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. போன மாதம் வரைக்கும் ஒப்பந்தக்காரர்கள் வெளியில்தான் நிற்பார்கள். காகிதக் கட்டை செக்யூரிட்டி வாங்கி உள்ளே கொண்டுபோவார். குறை இருந்தால் ஒரு சீட்டோடு கட்டு திரும்பி வரும்.

"உள்ள உக்காரலாமா மேடம்? மெய்யாலுமா?"

"உட்காருங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையை மேசையில் கவிழ்த்தார். "மொத்தம் பத்தொம்பது. ஊட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டு, ஊட்டுக்காரி ஆதாரு, எல்லாம் கீது. இன்னிக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்ல முடியாது. நாளைக்குக் காலைல ஷெட்டு கூரைல ஏறணும் மேடம். சாயங்காலத்துக்குள்ள கேட் பாஸ் வரலேன்னா வேலை வேற ஆளுக்குப் பூடும். ஆறு பேரு என்னை நம்பிகினு கீறானுங்க."

"அஞ்சு போதும் பாய். ஜி.எஸ்.டி., பான் கார்டு, பேங்க் செக், உங்க ஆளுங்க ஆதார், இன்ஷூரன்ஸ்."

தாழ் போடாத கதவைத் தோளால் இடிக்க வந்தவரைப் போல அவர் தடுமாறினார். "மிச்சம் பதினாலு?"

"பையிலயே வச்சுக்கோங்க."

ஒரு மாதத்துக்கு முன்னால் மேலாளர் லோகநாதன் அந்தப் பத்தொன்பது தாள்களின் பட்டியலை அவள் முன் வைத்து, ஒவ்வொரு தாளுக்கும் எதிரே அது எதற்கு என்று எழுதச் சொன்னார். ஐந்துக்குத்தான் எழுத முடிந்தது. மற்ற பதினான்கு இடங்களும் வெறுமையாகக் கிடந்தன. அந்த வெற்றிடங்கள் அவளுக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. அதன் பிறகுதான் மேசை கேட்டருகே வந்தது. ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாத் தாளையும் பார்த்து முடிப்பது என்று ஆயிற்று.

நான்கு தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஐந்தாவதில் கை நின்றது.

"பாய், இந்த இன்ஷூரன்ஸ் போன வாரமே முடிஞ்சிருச்சே."

அவர் முகம் செத்துப்போயிற்று. "பார்த்தீங்களா? போன வருசமும் இப்பிடித்தான்." பைக்குள் கைவிட்டு, குண்டூசி குத்திய சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். "பதினொண்ணு மேடம். எல்லாம் செவப்பு மை. இது இல்ல, அது இல்ல, இதுல தேதி இல்ல. பதினொண்ணாவது சீட்டு வர்றதுக்குள்ள வேற ஒருத்தன் பெயின்ட்டே அடிச்சு முடிச்சிட்டான். எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா கீது. மனசுதான் கல்லு. யாரு மேடம் அந்த ஆளு?"

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவசரப்படாமல், கடைசிச் சீட்டு வரைக்கும் படித்தாள்.

"பயந்திருப்பாங்க பாய். ஆடிட்ல ஏதாவது ஒரு தாள் இல்லேன்னா தன் தலையில விழுந்துடுமோன்னு. அந்த பயத்துல ஒவ்வொண்ணா கூட்டிக்கிட்டே போயிருப்பாங்க."

"அவங்களுக்கு இன்னா பயம்? வெயில்ல நின்னவன் நானு!"

அவள் சீட்டுக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் தாளை மறுபடி எடுத்தாள்.

"இன்ஷூரன்ஸைப் புதுப்பிச்சீங்களா இல்லையா?"

"புதுப்பிச்சாச்சு மேடம். புதுப் பேப்பர் குமணன்சாவடில ஏஜென்ட்டாண்ட கீது. போய்ட்டு வர ரெண்டு மணி நேரம் ஆவும், அதுக்குள்ள நீங்க ஆபீஸை மூடிட்டா..."

"போக வேணாம். போன்ல அனுப்பச் சொல்லுங்க."

"அதுல ஆபீசர் கையெழுத்து, சீலு?"

"எதுவும் வேணாம்."

ஏழாவது நிமிடம் அது வந்தது. எட்டாவது நிமிடம் பாஸ் அவர் கையில் இருந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுத் தனக்குத்தானே சிரித்தார். உடனே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஜரினா, ஆயிடுச்சு! இல்லம்மே, மெய்யாலுமே. உக்காரச் சேர்லாம் குடுத்தாங்க."

அந்தக் குரலில் இருந்த ஆசுவாசம் மேசையைத் தாண்டி இவளையும் தொட்டது. வெகுநாளாய்ச் சுமந்துகொண்டிருந்த எதையோ யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்டது போல அவளுக்கு இருந்தது.

"இனிமே இதுங்க எதுக்கு?" என்று சீட்டுக் கட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார் அப்துல் கையூம். "அந்த ஆளைத் தொரத்திட்டு உங்கள வச்சாங்களே, அவங்க நல்லா இருக்கணும்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"மேடம், ஒரு ஒதவி. என் மச்சான் ஜாகிரு, வெல்டிங் எடுக்கறான். அடுத்த வாரம் இங்கதான் வரப்போறான். அவனும் இந்தக் கணக்கா பையைத் தூக்கிகினு அலையக் கூடாது. அந்த அஞ்சு இன்னான்னு இதுல எழுதிக் குடுங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். ஒரு நொடி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கையால வேணாம் பாய். பிரிண்ட் எடுத்துத் தரேன்."

"அஞ்சே வார்த்தைதானே மேடம்?"

"வேணாம்" என்றாள் கிருஷ்ணப்பிரியா மெதுவாக.

அவளுடைய முத்து முத்தான எழுத்தை அவர் ஏற்கெனவே பதினோரு முறை படித்திருந்தார்.