கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை

மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து சாப்பாட்டு மேசைமேல் மஞ்சளாகப் படுத்திருக்கிறது. மேசை நடுவே நிமிர்த்தி வைத்த கண்ணாடிக்கு இடப்புறம் பர்னபாஸின் நல்ல கை இருக்கிறது. வலப்புறம், அவர் கண்ணுக்கு மறைவாக, பக்கவாதம் வந்ததிலிருந்து அசையாத கை கிடக்கிறது. அந்தக் கையை எழுப்புவதற்காகப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி அவர் இடது கையை விரித்து விரித்து மூடுகிறார். கண்ணாடிக்குள் அது வலது கையாகத் தெரிகிறது. பெங்களூரில் ஹெப்பாளுக்குக் கம்பெனி பஸ் ஓட்டியபோது ஸ்டியரிங்கைச் சுழற்றிய அதே கை, ஒன்றுமே நடக்காததுபோல் விரிந்து மூடுகிறது. பார்க்கப் பார்க்க அவருக்கு நிஜம் எது, நிழல் எது என்பது மறந்துபோகிறது. தெருவில் பூக்காரன் கன்னடத்தில் கூவுவது எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருக்கிறது. "ஸ்வல்ப நிதானமா செய்ங்க," என்கிறாள் வலப்புறம் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கும் மனைவி ஈவ்லின். அடுத்த காயை எடுத்தவள் உரிக்காமல் அப்படியே இருக்கிறாள். அவள் பார்வை கண்ணாடிக்குப் பின்னால் நிலைத்திருக்கிறது. "என்... ன?" என்று நாக்குக் குழறக் கேட்கிறார் பர்னபாஸ். "நிறுத்தாதீங்க," என்கிறாள் ஈவ்லின், மூச்சுப்போன்ற குரலில். "கண்ணாடியவே பாருங்க. இங்க வலது கை கட்டைவிரலும் கூடவே அசையுது."